ஏழு துண்டும் ஒரு கணக்கும்



படம் வரைவது, வீடியோ கேம், கணக்கு மூன்றும் எனக்கு உயிர். "மூணுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று அம்மா கேட்பாங்க. இதோ சம்பந்தம்.

திருவிழாக் கடையில் விற்கும் பிரிக் கேம் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூலம் டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் உருவாக்கினார். அதில் 7 வகைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் 4 கட்டம். மொத்தம் 28 கட்டம்.

ஏழையும் கிராஃப் தாளில் வரைந்து, வெட்டி எடுத்தேன். 4-க்கு 7 செவ்வகத்திலும் 28 கட்டம்தானே! அதில் ஏழு துண்டும் இடைவெளி இல்லாமல் அடங்குமா? என் தம்பி ரெண்டு நாளா அடுக்கிப் பார்த்தான், வரலை. "இன்னொரு தடவை அடுக்குனா வந்துடும்" என்கிறான்.

வராது! காரணம் சொல்றேன். செவ்வகத்தில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு, வெள்ளை தீட்டுங்கள். 14 கறுப்பு, 14 வெள்ளை இருக்கும். 6 துண்டுகளை எங்கே வைத்தாலும், எப்படித் திருப்பினாலும் 2 கறுப்பு, 2 வெள்ளையை மூடும். டி வடிவத் துண்டு மட்டும் ஒரு நிறத்தில் 3, மறு நிறத்தில் 1 மூடும். அதன் நடுக்கட்டத்தைச் சுற்றி இருக்கும் மூன்றும் ஒரே நிறம் அல்லவா! ஆகவே ஏழும் சேர்ந்தால் ஒரு நிறத்தில் 15, இன்னொன்றில் 13. நமக்கு வேண்டியதோ 14, 14.

ஆயிரம் தடவை அடுக்கித் தோற்றாலும் "முடியவே முடியாது" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரெண்டு நிறம் தீட்டி எண்ணினால் சொல்லலாம். இதுக்குப் பேர்தான் நிரூபணம்.

நம்பிக்கை இல்லையா? கத்தரிக்கோலை எடுங்க!