காவலில் கூட்டும் அதற்கு முன் எடுக்க வேண்டிய கணக்கும்

கையிருப்புப் பதிவேட்டில் நூறு கட்டு நூல் என்று எழுதியிருப்பதால் மட்டும் கிடங்கில் நூறு கட்டு இருக்கிறதென்று எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்வதில்லை. கதவைத் திறந்து எண்ணிப் பார்ப்பதே முறை. ஆனால் ஒரு வட்டாரத்தில் குற்றம் எவ்வளவு நடக்கிறது என்ற கேள்வி எழும்போது மட்டும், காவல் நிலையத்துப் பதிவேட்டை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். போலீஸாரும் பொதுமக்களும் கூடிக் காவற்பணி ஆற்ற வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. எதை, எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்காகக் காப்பது என்று முன்கூட்டி அறியாமல் அமைக்கும் அத்தகைய கூட்டு, அங்கத்தினரின் கடன் தேவையை மதிப்பிடாமல் பணம் பட்டுவாடா செய்யும் சங்கத்தையே ஒக்கும். அம்மதிப்பீடு எவ்வாறு செய்யத் தக்கது என்பதைச் சென்னை ஈக்காட்டுத்தாங்கலை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறேன்.

தாங்கல் என்பது சிறிய பாசன ஏரி என்பதை விவசாய அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏரியின் நினைவு இன்று ஊர்ப் பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது. ஊரின் ஓரத்தில் அடையாறு ஓடுகிறது; பக்கத்தில் 1958-இல் ஏற்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது; ஊடே நூறடிச் சாலை என்று வழங்கும் ஜவாஹர்லால் நேரு சாலை செல்கிறது. 2015-இல் மெட்ரோ ரயில் நிலையமும் வந்தது. பட்டறைகளுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் காலையில் வருவோர் ஒரு கூட்டம். இரவில் அங்கே உறங்குவோர் வேறொரு கூட்டம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று விகிதம் போடுகிறது. அந்த லட்சம் வீட்டில் உறங்குவோரை எண்ணிப் பெற்றது. பெருநகரங்களுக்கு 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கே அடிப்படையாக வைக்கப்பட்டு வந்துள்ளது. பகலில் வந்து போகும் கூட்டம் வகுக்கும் எண்ணில் சேருவதில்லை. அவர்கள் பறிகொடுத்த பொருளோ வகுபடும் எண்ணில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய ஊர், உள்ளதைவிடக் கெட்ட ஊராகக் காகிதத்தில் தோன்றக் கூடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு; அதுவே பெரிது. இதே நூறடிச் சாலையில் வடக்கே சென்றால் கோயம்பேடு. 1996 முதல் அங்கே இயங்கும் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் விவசாயி நள்ளிரவில் வந்து, விடிந்ததும் ஊர் திரும்புகிறவர். அவர் மடியிலிருந்த பணத்தை எவனாவது பறித்துக்கொண்டால், புகார் எழுதிக் கொடுக்க ஒரு நாள், மறுபடி அழைத்தால் இன்னொரு நாள், பஸ் கட்டணம், கூலி நஷ்டம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, போனது போகட்டும் என்று வண்டி ஏறிவிடுகிறார். புகார் கொடுத்தவர்களிலும் பலர் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதோடு திரும்புகிறார்கள். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. குற்றக் கணக்கில் ஏறாது. கைது செய்யத் தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2015-16-இல் ஐ.டி.எப்.சி. ஆய்வு நிறுவனம் டில்லி, மும்பை, சென்னை, பெங்களூர் ஆகிய நகரங்களில் வீடு வீடாக விசாரித்தபோது, பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்களில் மிகச் சிறு பகுதியினரே முதல் தகவல் அறிக்கை வரை சென்றிருந்தது தெரியவந்தது. பதிவேடு நமக்குச் சொல்வது, குற்றம் எவ்வளவு நடந்தது என்பதைக் காட்டிலும், எத்தனை பேர் படியேறினார்கள், எத்தனை பேருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதையே. ஆகவே ஒரு நிலையத்தில் வழக்கு எண்ணிக்கை உயர்ந்தால் உடனே அந்த அதிகாரியைக் குறை கூறுவது சரியன்று. கதவு திறந்ததாலும் எண் உயரும். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதன் நோக்கமே, அதுவரை வாய் திறவாதவர்கள் வந்து பேச வேண்டும் என்பதுதான்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இவ்விஷயத்தில் நமக்குப் பெரிதும் உதவுவது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டால் போதும். பதிவான தகவலின் பிரதி இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். கோயம்பேட்டில் பணம் இழந்த விவசாயி தம் ஊர் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம் என்பதை அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பதிவேட்டுக்கு அடுத்தது நடை. 1989-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பெண்கள் இருட்டிய பின் தம் தெருக்களைத் தாமே நடந்து பார்த்து, எங்கே அச்சம் எழுகிறது, ஏன் எழுகிறது என்று குறித்துக்கொள்ளும் முறை ஒன்று உருவாயிற்று. ஈக்காட்டுத்தாங்கலில் இம்முறையைக் கையாள்வதானால், இரவு வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து விடுதி வரை நடக்கும் பெண்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். பகல் பதினோரு மணிக்கு நடந்தால் ஒன்றும் புலப்படாது. அப்படிக் குறித்த பட்டியலில் எரியாத விளக்கும், மதுக்கடை வாசலும், ஆளற்ற பஸ் நிறுத்தமும் இடம்பெறக் கூடும். இவற்றில் பல, போலீஸாரின் கையில் இல்லாதவை. விளக்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆகவே கூட்டு என்பது காவல் துறையோடு மட்டும் அமைந்தால் பாதி வேலை தொங்கலில் நிற்கும். குற்றமே நடவாத இடத்திலும் காவல் தேவை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு இப்பகுதிக்குள் புகுந்தது. அத்தகைய வேளையில், வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் களவு போகுமே என்றஞ்சி வெளியேறத் தயங்குவோரின் அச்சம் எந்தக் குற்றப் பதிவேட்டிலும் இராது.

அச்சத்தை எண்ணும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். அச்சம் பொய்யாலும் வளரும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, தொழிலாளர்களிடையே பீதி உண்டாயிற்று. போலீஸார் அவை பொய் என்று விளக்க நேர்ந்தது. தொழிற்பேட்டையை அடுத்த ஊரில் இதன் மறுபக்கமும் உண்டு: வெளி மாநிலத்தவர் தங்கும் அறைகளைச் சந்தேகப் பட்டியலாக்கும் ஆசை. மதிப்பீடு செயல்களை எண்ண வேண்டுமேயன்றி மனிதர்களை எண்ணலாகாது. மனிதர்களை எண்ணியதன் விளைவை நாம் கண்டவர்கள். 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பொன்றே காரணமாகக் கைரேகை பதிவதும், பதியப்பட்டவர்கள் இரவில் காவல் நிலையத்தில் ஆஜராவதும் அதன் நடைமுறை. 1920 ஏப்ரல் 3-இல் மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பல உயிர்கள் மாய்ந்தன. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அது ஒழிந்தது. ஒரு வட்டாரத்தின் குற்றத்தை மதிப்பிடுவதாகச் சொல்லியே அத்தனையும் செய்யப்பட்டது.

இனிக் கூட்டின் உருவம். 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராயிருந்த பிரதீப் வி. பிலிப், காவல் நண்பர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மக்களுக்கும் போலீஸாருக்கும் இடையே தகவல் பாலமாக இருப்பது அதன் கருத்து, நல்ல கருத்தே. ஆயினும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்ட கொடுமையில், காவல் நண்பர்கள் சிலருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தார் அதை மறுத்தனர். அடுத்த மாதமே அரசு அவ்வமைப்புக்குத் தடை விதித்தது. தகவல் கொடுக்கும் தொண்டருக்கும் தடியேந்தும் தொண்டருக்கும் நடுவே கோடு கிழிக்கப்படாவிட்டால் எந்த நல்ல இயக்கத்துக்கும் இந்த ஆபத்து உண்டு என்பது என் கருத்து. கேரளத்தில் 2008-இல் இருபது நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில், பகுதிக் காவலரே வீடுதோறும் சென்று அறிமுகம் செய்துகொள்கிறார். அதிகாரம் சீருடையிலேயே நிற்கிறது. சென்னையில் மூன்றாவது கண் என்ற பெயரில் வியாபாரிகளும் குடியிருப்போரும் பொருள் தந்து காமிராக்கள் பொருத்தியதும் ஒருவகைக் கூட்டே. பணம் உள்ள தெருவில் காமிராவும் மிகும் என்பதை மட்டும் மறக்கலாகாது. இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், நகர சபையும் போலீஸாரும் சேர்ந்து முதலில் வட்டாரக் குற்றத் தணிக்கை செய்து, அதை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே திட்டம் வகுக்க வேண்டும் என்று விதித்தது. நம்மிடம் இல்லாதது அந்த வரிசைதான்.

வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாத குற்றம் ஒன்று மிஞ்சுகிறது. தொலைபேசியில் வங்கி அதிகாரிபோலப் பேசி நெசவாளியின் சேமிப்பைக் கறப்பவன் எந்தத் தெருவிலும் நிற்பதில்லை. அதற்கான எண் 1930, நாடெங்கும் ஒன்றே. பணம் கைமாறிய உடனே அதில் சொன்னால், அது கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் முடக்கி வைக்க இடமுண்டு. மறுநாள் காலை காரியதரிசியிடம் யோசனை கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று வெட்கத்தால் காத்திருந்தால், அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.