இல்லத்துக்கும் ஒரு தர்மகர்த்தா

ஓமந்தூரார் வாழ்வும் சிறுவருவாய் நிர்வாகமும்

கோயிலுக்குரிய நிலமும் நகையும் உண்டியல் காணிக்கையும் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் எந்தப் பக்தரும் தயங்காமல் விடை சொல்வார்: சுவாமிக்கு. சட்டமும் அதையே சொல்கிறது. பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம், சொத்து வைத்துக்கொள்ளும் தகுதியுடைய நபராகச் சட்டத்தின் கண்ணில் மதிக்கப்படுகிறது. தர்மகர்த்தா என்பவர் அச்சொத்தைக் காத்து, உரிய கைங்கரியத்துக்குச் செலவிட்டு, கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். தம் விருப்பம்போல் அதை விற்கவோ பிறருக்குத் தானமாகக் கொடுத்துவிடவோ அவருக்கு உரிமையில்லை. எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு நித்திய பூஜையை நிறுத்தவும் உரிமையில்லை.

கோயில் சொத்தைப் பற்றி இத்தனை தெளிவாக இருக்கும் மனம், சொந்த வீட்டுப் பெட்டியின் முன் வந்து நின்றதும் தடுமாறிப் போகிறது. ஓய்வூதியமோ வைப்புத்தொகையின் வட்டியோதான் முதுமையில் வருவாய். அது அளவானது; மேலும் வளர வழியில்லாதது. அச்சம் மிகுந்தவர்கள் மருந்துக்குக்கூடச் செலவிடாமல் சேர்த்து வைக்கிறார்கள். பாசம் மிகுந்தவர்கள் உள்ளது முழுவதையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கையேந்தி நிற்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே தெய்வ சம்மதமான வழி எது? அந்த வழியை வாழ்ந்தே காட்டிச் சென்ற பெரியவர் ஒருவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தார்.

உழவர் குடியில் தோன்றிய முதல்வர்

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்குப் பெயராகி, ‘ஓமந்தூரார்’ என்று நாடு அழைத்தது. 1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நாளில் அப்பதவிக்குப் ‘பிரதமர்’ என்றே பெயர். நாடு விடுதலை பெற்ற ஆகஸ்டு 15 அன்று, இன்றைய தமிழகத்தோடு ஆந்திரக் கடற்கரையும் ராயலசீமையும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய பெரும் மாகாணம் அவருடைய பொறுப்பில் இருந்தது.

அவர் பதவியில் இருந்தது இரண்டே ஆண்டுகள். அதற்குள் அனைத்து இந்துக்களுக்கும் ஆலயக் கதவைத் திறந்த ஆலயப் பிரவேசச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்த சட்டமும் 1947-இல் நிறைவேறின. மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. வடலூர் வள்ளலாரை வழிகாட்டியாகக் கொண்டு, திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும் பக்தி பூண்டிருந்த ஒருவர் நாடாண்ட காலம் அது.

அரசு நிர்வாகத்தில் சொந்தக் கட்சியினர் தலையிடுவதை ஓமந்தூரார் ஏற்கவில்லை. அதனாலேயே கட்சிக்குள் அவருக்கு ஆதரவு குறைந்தது. 1949 ஏப்ரல் 6 அன்று பதவியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 54. பின்னர் வடலூருக்குச் சென்று, சுத்த சன்மார்க்க நெறியில் நின்று, கல்விப் பணியிலும் ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணும் பணியிலும் ஈடுபட்டார். 1970 ஆகஸ்டு 25 அன்று இறைவனடி சேர்ந்தார்.

மாகாணத்தையே ஆண்டவர், அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் எளிய தொண்டராக வாழ எவ்வாறு முடிந்தது? விடை கடினமானதன்று. தர்மகர்த்தாவின் காலம் முடிந்தால் அவர் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புவார். எதையும் இழந்துவிட்டதாக வருந்தமாட்டார். பதவியைத் தம் உடைமையாகக் கருதாதவருக்கு அது போனதால் குறையேதும் நேர்வதில்லை. செல்வம் படைத்தோர் தம்மை அதன் தர்மகர்த்தாக்களாகவே கருத வேண்டும் என்று காந்தியடிகள் போதித்தார். ஓமந்தூராரின் வாழ்வு அந்த நெறியில் சென்றது. பணி ஓய்வுக்குப் பின் சுருங்கிய வருவாயோடு வாழும் ஒவ்வொருவருக்கும் அதில் பாடம் உண்டு. வருவாய் குறைந்ததால் வாழ்வு குறைந்துவிடுவதில்லை. மாறியிருப்பது பொறுப்பின் அளவு மட்டுமே.

மிழலையில் கிடைத்த காசு

அடியார்கள் வரலாற்றில் பணம் பற்றிய அருமையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருவாரூர் மாவட்டத்திலுள்ள திருவீழிமிழலையில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் தங்கியிருந்த காலத்தில் கடும் பஞ்சம் வந்தது. அடியார்களைக் காக்க, இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு இறைவன் அருளினார் என்கிறது பெரியபுராணம். நாவுக்கரசர் பெற்ற காசை வணிகர் உடனே ஏற்றுக்கொண்டனர். சம்பந்தர் பெற்ற காசுக்கோ ‘வாசி’ கேட்டனர். அதாவது மாற்றுக் குறைவுக்காக ஒரு தொகையைக் கழித்தே பொருள் கொடுத்தனர். அதனால் சம்பந்தர் மடத்தில் அமுது படைக்கத் தாமதமாயிற்று. அவர் இறைவனைப் பாடி வேண்டிய பின்னரே வாசியில்லாத நற்காசு கிடைத்தது. நாவுக்கரசருக்கு மட்டும் முதலிலிருந்தே நற்காசு கிடைத்தது ஏன்? அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்பதே பெரியோர் தரும் விளக்கம்.

இந்நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் உள்ளன. இறைவன் அருளியது புதையல் அன்று. அன்றைய தேவைக்கு ஒரு காசு. அளவான வருவாயும் அருள்தான். அடுத்து, கிடைத்த காசின் மதிப்பை ஆராய்வதை ஞானக்குழந்தையே இழிவாகக் கருதவில்லை. வங்கிப் புத்தகத்தைச் சரிபார்ப்பதும், வட்டி சரியாக வந்ததா என்று பார்ப்பதும், புரியாத பத்திரத்தில் கையெழுத்திட மறுப்பதும் பக்திக்குப் புறம்பானவை அல்ல. மூன்றாவதாக, இருவரும் அக்காசைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அது அடியார் பந்தியைச் சென்று சேர்ந்தது.

ஏரி கற்பிக்கும் கணக்கு

ஓமந்தூரைச் சூழ்ந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஏரிகள் மிகுதி. இந்தப் பகுதி உழவருக்கு நிர்வாகம் கற்பித்த ஆசான் ஏரியே. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. கரை நீரைத் தாங்கி நிற்கிறது. மதகு வயலுக்கு வேண்டிய அளவு நீரை விடுகிறது. கலங்கல், நிறைந்தபின் மிகும் நீரை அடுத்த ஏரிக்கு அனுப்புகிறது. கரை உடைந்தால் ஊர் அழியும். மதகு அடைபட்டால் பயிர் வாடும். கலங்கலை மேடாக்கி மிகுநீரைத் தடுத்தால் அந்த நீரே கரையை உடைக்கும்.

வீட்டுக் கணக்கும் இவ்வாறே அமைய வேண்டும். மாதம் 20,000 ரூபாய் ஓய்வூதியம் பெறும் முதிய தம்பதியர் என்று ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். 14,000 ரூபாயை உணவு, மருந்து, மின்கட்டணம் முதலியவற்றுக்கு ஒதுக்குவது மதகு. 4,000 ரூபாயைத் திடீர் மருத்துவச் செலவுக்கென்று தொடாமல் வைப்பது கரை. மூன்றாண்டில் அது வட்டி நீங்கலாக 1,44,000 ரூபாய் ஆகும். எஞ்சிய 2,000 ரூபாய் தர்மத்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் செல்லும் கலங்கல். விகிதம் வீட்டுக்கு வீடு மாறலாம். ஆனால் மூன்றும் இருக்க வேண்டும்.

கரையை வலுவாக்கச் சில எளிய செய்திகளை அறிந்திருப்பது நலம். ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் வைப்புகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரையில்தான் காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 60 வயது நிறைந்தவர்கள் 30 லட்சம் ரூபாய் வரை ஐந்தாண்டுகளுக்கு முதலீடு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி பெறலாம். இவற்றைவிடப் பலமடங்கு வட்டி தருவதாக யாரேனும் வீடு தேடி வந்து சொன்னால், அது கரையில் எலி வளை தோண்டும் ஓசை என்று அறிக.

கல்யாணத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் கடன் வாங்குவோருக்குத் திருமலைத் தலபுராணமே எச்சரிக்கை தருகிறது. பத்மாவதித் தாயாரை மணக்கக் குபேரனிடம் பெற்ற கடனுக்கு வேங்கடவன் இன்றளவும் வட்டி கட்டி வருவதாக ஐதிகம். ஏழுமலையானுக்கே கல்யாணக் கடன் தீரவில்லை. ஓய்வூதியக்காரருக்கு எப்படித் தீரும்?

வடலூர் அடுப்பு

வருவாய் சிறிதானால் தர்மம் செய்ய இயலாதே என்ற ஏக்கம் முதியோர் பலருக்கு உண்டு. ஓமந்தூரார் தம் பிற்காலத்துக்கு இடமாகக் கொண்ட வடலூரே அதற்கு மருந்து. 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் ஊரார் மனமுவந்து அளித்த நிலத்தில் அது எழுந்தது. வள்ளலார் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவருக்குச் சாதி, சமயம் கேளாமல் உணவு அளிக்கப்படுகிறது. அந்த அடுப்பை 150 ஆண்டுகளுக்கு மேலாக எரியச் செய்தவை பெருஞ்செல்வரின் கொடைகள் மட்டுமல்ல. எண்ணற்ற எளியவர்கள் கொண்டுவந்து சேர்த்த அரிசியும் பருப்பும் விறகும் காய்கறியுமே.

காஞ்சி மகா பெரியவர் காட்டிய பிடி அரிசித் திட்டமும் இதே நெறிதான். நாள்தோறும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தால் வீட்டில் யாருக்கும் வயிறு குறையாது. பல வீடுகளின் பிடிகள் சேர்ந்தால் பலருடைய பசி தீரும். பொருளே இல்லாத பூசலார் நாயனார், திருநின்றவூரில் நெஞ்சுக்குள்ளேயே இறைவனுக்குக் கோயில் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் செய்து, முதலில் அந்த மனக்கோயிலுக்கே இறைவன் எழுந்தருளினார். கடன் வாங்கிக் கட்டளை செய்ய வேண்டும் என்று எந்தத் தெய்வமும் கேட்டதில்லை.

கையெழுத்துக்கு முன்

பாசத்தின் பெயரால் நேரும் இழப்பே இன்று முதியோரை அதிகம் வருத்துகிறது. குடியிருக்கும் ஒரே வீட்டைத் தானசெட்டில்மென்டாக எழுதிப் பதிவு செய்துவிட்டால், அதைத் தாமாகவே திரும்பப் பெறுவது பொதுவாக இயலாது. உயிலோ, உயிர் உள்ளவரை மாற்றத்தக்கது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், தம்மை இறுதிவரை பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது அறிவுடைமை. அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பத்திரத்தை ரத்து செய்யக் கோரித் தீர்ப்பாயத்தை அணுகலாம். தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் அப்பொறுப்பை வகிக்கிறார்.

பிள்ளைகள் மீதுள்ள ஐயத்தால் சொல்லப்படுவதன்று இது. கோயில் நிலத்தை எத்தனை நல்லவர் கேட்டாலும் தர்மகர்த்தா எழுதிக் கொடுப்பதில்லை. கேட்டவர் நல்லவரா என்பது அங்கே கேள்வியே அன்று. நாளைய நைவேத்தியம் நடக்க வேண்டும் என்பதே அவர் கவலை. முதியவரின் உடலும் இறைவன் குடியிருக்கும் ஆலயமே. அதன் நித்திய பூஜைக்குரியதை வாரி வழங்குவது தர்மம் ஆகாது. கணவன் மறைந்தபின் மனைவிக்கு எஞ்சியிருக்க வேண்டியதைக் கணவன் கொடுத்துவிடுவது தர்மத்தினின்றும் மேலும் விலகியது.

வங்கிக் கணக்கில் பெயர் குறிக்கப்படும் நாமினியும் பெரும்பாலும் உடைமையாளர் அல்லர். உரிய வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக் கொடுக்க வேண்டியவரே. நமக்குப் பின் பணத்தைத் தொடுபவரையும் சட்டம் தர்மகர்த்தாவாகத்தான் காண்கிறது.

ஆகவே மாதத்தின் முதல் நாளில், விளக்கேற்றிய பின், கணக்கு நோட்டைச் சுவாமி படத்தின் முன் வைத்து எழுதும் பழக்கம் நல்லது. சென்ற மாதம் வந்தது எவ்வளவு, கரையில் சேர்ந்தது எவ்வளவு, மதகு வழியே சென்றது எவ்வளவு, கலங்கல் வழியே பிறருக்குப் போனது எவ்வளவு என்று நான்கு வரி எழுதினால் போதும். எந்தெந்தக் கணக்கு எங்கே உள்ளது என்பதை வாழ்க்கைத் துணையும் அறிந்திருக்க வேண்டும். கணக்கைக் கேட்பவன் மேலே இருக்கிறான் என்ற நினைவோடு எழுதும்போது கருமித்தனமும் வராது, ஊதாரித்தனமும் வராது. சிறுகச் செலவிட்டு, சிறுகக் காத்து, சிறுகக் கொடுத்து, கேட்ட நாளில் சாவிக்கொத்தை மனநிறைவோடு ஒப்படைக்கலாம்.