வணிகப் பாடமும் ஊர்ப் படமும்

மேல்நிலை வகுப்பில் வணிகவியல் பயிலும் நம் பிள்ளைகள், ஒரு தொழில் ஓரிடத்தில் அமைவதற்குரிய காரணங்களைத் தவறாமல் ஒப்பிப்பர். மூலப்பொருள், ஆட்கள், போக்குவரத்து, சந்தை என்று வரிசையும் பிசகாது. தம் ஊரில் பட்டாசுத் தொழில் ஏன் வேரூன்றியது என்று வினவினால் மட்டும் விழிப்பர். குற்றம் பிள்ளைகளுடையதன்று, பாடம் ஊரைத் தொடாமல் நடக்கிறது.

ஊரையே பாடமாக்க இப்பொழுது எளிய வழி உண்டு. இஸ்ரோ நிறுவனம் 2009-இல் 'புவன்' என்னும் இணையப் படத்தொகுப்பை வெளியிட்டது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்பதில் எவரும் தம் ஊர்த் தெருவையும் கிணற்றையும் குறித்துச் சேர்க்கலாம். பலர் கூடி ஆக்கிப் பலரும் பயன்கொள்வதால் அதுவும் நம் இனத்தைச் சேர்ந்ததே! அண்டையிலுள்ள கேரளத்தில், 'கியூஜிஐஎஸ்' என்னும் இலவச மென்பொருளால் படம் அமைக்கும் பயிற்சி பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இடம்பெற்றது. அதனை வணிக வகுப்பிற்கும் கொண்டுவரலாம் என்பதே நமது கருத்து.

வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியை எடுத்துக்கொள்வோம். வானிலிருந்து எடுத்த படத்தில் அவ்வட்டாரத்தை நோக்கினால், வெட்டவெளியில் சிறு சிறு அறைகள் ஒன்றுக்கொன்று விலகிப் புள்ளிகளாய் நிற்கக் காணலாம். அவை பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவலாகாது. ஆகவே அறைகளுக்கிடையே விடவேண்டிய தூரத்தையும், ஓர் அறையில் வேலை செய்யத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. படத்திலுள்ள அளவுகோலைக் கொண்டு மாணவர் அத்தூரத்தை அளக்கட்டும். ஓர் ஏக்கரில் எத்தனை அறைகள், ஓர் ஆளுக்கு எவ்வளவு நிலம் என்று கணக்கிடட்டும். வெறும் நிலமும் பட்டாசின் அடக்கவிலையில் ஏறுகிறது என்பது அப்பொழுது விளங்கும். அச்செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவன் அதை யார் தலையில் இறக்குகிறான் என்பதும் விளங்கும். சாத்தூரையடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-இல் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆலைக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் கூடவே கூடாது. வகுப்பில் அமர்ந்தபடியே அளக்க முடிவதுதான் இம்முறையின் பெருஞ்சிறப்பு. நால்வருக்கு ஒரு கைப்பேசி போதும். ஆனால் படம் பழையதாயிருக்கக் கூடும். நேற்றெழுந்த கட்டடம் அதில் இராது. தெருக்களையும் கடைகளையும் நேரில் நடந்து சரிபார்ப்பது நலம்.

அடுத்து விற்பனைப் படம். சரக்கு செல்லும் ஊர்களுக்கு வண்ணம் தீட்டினால், தொழில் எந்தத் திசையில் சாய்ந்து நிற்கிறது என்பது தெரியும். 2017-ஆம் ஆண்டுத் தீபாவளிக் காலத்தில் தில்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை உச்சநீதிமன்றம் தடுத்தது. அவ்வண்ணத்தை அழித்துவிட்டு மீதியைப் பார்க்கச் சொன்னால், ஒரே சந்தையை நம்புவதன் இடர் எப்பாடநூலும் சொல்லாத தெளிவோடு புலப்படும்.

நம் சங்கங்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கமாயினும் பருத்தி விளைவிப்போர் சங்கமாயினும், சென்ற ஆண்டு விற்பனைப் பட்டியல்கள் அலமாரியில் உறங்குகின்றன. வாங்கியோரின் பெயரை நீக்கி, ஊரையும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் தொகையையும் மட்டும் பள்ளிக்கு நகலெடுத்துக் கொடுத்தால், பிள்ளைகள் அவற்றைப் படத்தில் ஏற்றித் தருவர். அடுத்த பொதுக்குழுவில் அதனைச் சுவரில் மாட்டிவைத்து விவாதிக்கலாம்.