போதுமென்ற மனம் - கிறித்தவ நெறி காட்டும் மனநிறைவு

முன்னுரை

மேற்கு மலைத்தொடரின் மடியில், பெரியாற்று நீரால் பசுமை பூத்து நிற்பது கம்பம் பள்ளத்தாக்கு. நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும் திராட்சைப் பந்தலும் நிறைந்த இம்மண்ணில், பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயில் மணியோசையும் தேவாலய மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. மண் நிறைந்திருக்கின்றது; மனம் நிறைந்திருக்கின்றதா? விளைச்சல் குறைந்தால் கவலை. விளைச்சல் பெருகினால் விலை சரியுமே என்ற கவலை. தேர்வில் தோற்றவருக்கு வாழ்வே முடிந்துவிட்டது போன்ற மயக்கம். முதல் வகுப்பில் தேறியவருக்கும் அடுத்தவர் பெற்ற மதிப்பெண்ணைக் கண்டு ஏக்கம். இந்த ஓயாத குறைக்கு மருந்து உண்டா என்பது எல்லாச் சமயங்களும் எழுப்பிய வினாவாகும். அவற்றுள் கிறித்தவ நெறி தரும் விடையையும், அவ்விடை தமிழ் இலக்கியத்திலும் தமிழர் வாழ்விலும் விளங்கிய வகையையும் இக்கட்டுரையில் காண விழைகின்றோம்.

சொல்லும் பொருளும்

மகிழ்ச்சி வேறு, மனநிறைவு வேறு. மகிழ்ச்சி நிகழ்ச்சியைச் சார்ந்தது. நிகழ்ச்சி மாறினால் அதுவும் மாறும். மனநிறைவோ நிகழ்ச்சிகளுக்கு அடியில் நிற்பது. மழை பெய்தால் ஓடை பெருகும், வெயில் காய்ந்தால் வற்றும். ஊற்றுக் கிணற்றின் நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் ஊற்று உள்ளே சுரந்துகொண்டே இருக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே மகிழ்ச்சிக்கும் நிறைவுக்கும் உள்ள வேறுபாடு எனலாம்.

'போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து' என்பது நம் ஊர்களில் எழுத்தறியாப் பாட்டியரும் சொல்லும் பழமொழி. வள்ளுவப் பெருந்தகை 'அவா அறுத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்து, நிரம்பாத இயல்புடையது அவா என்பதை உணர்த்துகின்றார். இஸ்லாம் இப்பண்பைக் 'கனாஅத்' என்னும் அரபுச் சொல்லால் போற்றுகின்றது. பொருள் மிகுதியால் வருவது செல்வமன்று, உள்ளத்தின் செல்வமே உண்மைச் செல்வம் என்னும் கருத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழியாக நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இறைவனை நினைவுகூர்வதில்தான் உள்ளங்கள் அமைதி அடைகின்றன என்று திருக்குர்ஆனின் பதின்மூன்றாம் அத்தியாயம் அறிவுறுத்துகின்றது. எனவே நாம் பேசப் புகும் பொருள் எவருக்கும் அயலானதன்று. வேர் எங்கே ஊன்றியிருக்கின்றது என்பதில்தான் ஒவ்வொரு நெறிக்கும் தனித்தன்மை இருக்கின்றது.

கிறித்தவ நெறியில் நிறைவின் வேர்

இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த செபம் மிகச் சிறியது. அதில் உணவுக்காக ஒரு வேண்டுதல் வருகின்றது. அன்றன்றைக்குத் தேவையான அப்பத்தை மட்டுமே அது கேட்கின்றது. ஆண்டுக்கான களஞ்சியத்தைக் கேட்கவில்லை. இதன் பின்னணியில் பழைய வரலாறு ஒன்றுண்டு. மோசே தலைமையில் பாலைவழி நடந்த மக்களுக்கு 'மன்னா' என்னும் உணவு கிட்டியது. அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்கலாம். ஓய்வுநாளுக்கு முன்தினம் மட்டும் இரண்டு நாள் அளவு சேர்க்கலாம். பேராசையால் மறுநாளைக்குப் பதுக்கியவர்களுடையது புழுத்துப் போயிற்று. மூஸா நபியின் மக்களுக்கு 'மன்னு' அருளப்பட்ட செய்தியைத் திருக்குர்ஆனும் கூறுகின்றது.

இந்நம்பிக்கைக்குக் கிறித்தவர் கூறும் காரணம், இறைவன் தந்தையைப் போன்றவன் என்பதாகும். வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் சுட்டிக்காட்டி, இவற்றைப் பேணுபவன் மாந்தரை மறப்பானோ என்று மலைப்பொழிவில் இயேசு வினவுகின்றார். பாவம் மன்னிக்கப்பட்டது, இறைவனோடு உறவு மீண்டும் இணைந்தது என்ற உறுதியும் கிறித்தவருக்கு உண்டு. இயேசுவின் சிலுவைப் பாட்டின் வழியே இப்பேறு கிட்டியது என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. ஈசா நபியை (அலை) உயர்வாகப் போற்றும் இஸ்லாம், இக்கொள்கையில் கிறித்தவத்தினின்றும் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டை மறைப்பதால் நட்பு வளர்ந்துவிடாது. அறிந்து மதிப்பதால்தான் வளரும்.

சிறையில் கற்ற பாடம்

கிறித்தவ மனநிறைவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பவுல் அடியார். கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்தவர், கல்வியில் சிறந்தவர். அவர் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில், எந்த நிலையிலும் நிறைவாக இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகின்றார். வறுமையும் தெரியும், வளமும் தெரியும் என்கின்றார். இதை அவர் எழுதியபோது சிறையில் இருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கே இரு நுட்பங்கள் கருதத்தக்கவை. முதலாவது, 'கற்றுக்கொண்டேன்' என்பதாகும். மனநிறைவு பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் குணமன்று, பயிற்சியால் வருவது. பிலிப்பியில் முன்னொரு முறை அடிபட்டுச் சிறைப்பட்டபோது, நள்ளிரவில் தோழர் சீலாவோடு அவர் இறைவனைப் பாடினார் எனத் திருத்தூதர் பணிகள் கூறும். அப்பயிற்சியே பின்னாளில் கடிதமாக மலர்ந்தது.

இரண்டாவது, நிறைவைக் குறிக்க அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல். அது ஸ்டோயிக் தத்துவவாதிகள் பெரிதும் வழங்கிய சொல். 'பிறர் உதவி வேண்டாத தன்னிறைவு' என்று பொருள்படும். பவுல் அச்சொல்லை எடுத்து அதன் உள்ளீட்டையே மாற்றிவிடுகின்றார். தம் வலிமை தம்முடையதன்று, தம்மைப் பலப்படுத்துபவரிடமிருந்து வருவது என்கின்றார். அதே இடத்தில், பிலிப்பியர் அனுப்பிய பொருளுதவிக்கு நன்றியும் கூறுகின்றார். நிறைவுள்ள மனம் பிறர் கையை உதறிவிடும் செருக்கு மனமன்று. நன்றியோடு பெற்றுக்கொள்ளவும் அது அறியும்.

திராட்சைக் கொடியின் உவமை

நம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும் உவமையொன்று யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் உள்ளது. தம்மைத் திராட்சைச் செடியாகவும், சீடரை அதன் கொடிகளாகவும், இறைவனைத் தோட்டக்காரராகவும் இயேசு உருவகித்தார்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வகையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் எனக் கூறுவர். பந்தலில் படர்ந்த கொடியைக் கவாத்து செய்யும் நாளில் புதிதாகப் பார்ப்பவர் திகைத்துப் போவர். பசுமையெல்லாம் வெட்டி வீழ்த்தப்பட்டுக் குச்சிகளாய் நிற்கும் தோட்டத்தைக் கண்டு, இது அழிவு என்றே எண்ணுவர். உழவர்க்கோ அது விளைச்சலின் தொடக்கம். கவாத்து செய்யாத கொடி இலையாகப் பெருகுமே அன்றிக் குலையாகக் காய்க்காது. ஆனால், கவாத்து செய்த கொடிக்கும் செடியிலிருந்து பிரிந்துபோன கொடிக்கும் பெரும் வேறுபாடுண்டு. முன்னது மீண்டும் துளிர்க்கும்; பின்னது காய்ந்து விறகாகும்.

இழப்பு வரும்போது 'இது கவாத்தா, முறிவா?' என்ற ஐயம் எவருக்கும் எழும். செடியோடு கொண்ட இணைப்பே அதற்கு விடை என்பது இவ்வுவமையின் கருத்து. இழப்பே வராது என்று இயேசு உறுதி கூறவில்லை. இணைந்திருப்பவர் இழப்பிலும் கனி தருவர் என்றார். மேலும், கொடி தன் கனியைத் தானே உண்பதில்லை. நிறைவு பிறர்க்குக் கனியாகும்போதே அது மெய்யான நிறைவு.

தமிழில் தழைத்த நிறைவு

இக்கருத்தைக் காப்பியமாக்கித் தந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பிரயாண'க் கதையைத் தழுவி, தமிழ்க் காப்பிய மரபில் அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாக வெளிவந்தது. அதன் இடையிடையே தேவாரப் பாங்கில் இசைப்பாடல்களையும் அமைத்தார். 'கிறித்தவக் கம்பர்' என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது.

மூலநூல் ஆசிரியராகிய பனியன், அரசின் ஒப்புதலின்றிச் சமயப் போதனை செய்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தவர். அவர் நூலில் வரும் 'மாயாபுரிச் சந்தை' இன்றும் நம் கண்முன் நடப்பது போன்றது. வீடு, நிலம், பட்டம், பதவி, புகழ் யாவும் அங்கே விலைக்குண்டு. பயணிகள் எதையும் வாங்காமல் நடப்பது கண்டு வணிகர் சினக்கின்றனர். என்னதான் வாங்குவீர் என வினவியபோது, உண்மையையே வாங்குவோம் என்று பயணிகள் விடையிறுக்கின்றனர். இன்று சந்தைக்கு நாம் போக வேண்டுவதில்லை. கைப்பேசித் திரையில் அது நம்மைத் தேடி வருகின்றது. பிறர் வாழ்வின் பளபளப்பை நாள்தோறும் காட்டி, நம் வாழ்வைக் குறையுடையதாக்கி விற்கின்றது. அந்நிலையில் 'இது எனக்குத் தேவையில்லை' என்று சொல்லக் கூடியவனே உரிமையுடைய மனிதன்.

பஞ்சத்தில் திறந்த கை

நிறைவின் மற்றொரு முகத்தை மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடம் (1826-1889) காண்கின்றோம். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாக விளங்கியவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ்ப் புதினத்தை ஆக்கியவர். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எச்சமயத்தாரும் பாடத்தக்க இறைப்பாடல்களின் தொகுப்பு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அக்காலத்தில் அவர் தம் பொருளைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். அக்கொடையை நேரில் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், தெய்வத்தையன்றி மனிதரைப் பாடாத தம் வழக்கத்தை விடுத்து அவரைப் பாடினார் என்பர். தனக்குப் போதும் என்ற மனம் வாய்த்தவருக்கே பிறர்க்குக் கொடுக்கக் கை நீளும். 'இன்னும் வேண்டும்' என்பவன் கை எப்போதும் மூடியே இருக்கும்.

நிறைவும் முயற்சியும்

இங்கு ஒரு தடைவிடை கூறியாக வேண்டும். மனநிறைவைப் போதிப்பது ஏழையை ஏழையாகவே இருக்கச் செய்யும் தந்திரமன்றோ என்று சிலர் கேட்பர். அவ்வாறு பயன்படுத்தியோரும் உண்டு. ஆனால் திருமறை அதற்கு இடந்தரவில்லை. ஆடையும் உணவும் இல்லாதவரிடம் ஒன்றும் கொடாமல் 'அமைதியாய்ப் போய் வாருங்கள்' என்பதால் பயன் என்ன என்று யாக்கோபு தம் கடிதத்தில் இடித்துரைக்கின்றார். போதும் என்பது என் ஆசைக்கு நான் இடும் வரம்பு. பிறருடைய பசிக்கு நான் சொல்லும் விடையன்று.

நம் பள்ளத்தாக்கின் வரலாறே இதற்குச் சான்று. மேற்கே பாய்ந்து கடலில் வீணான பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் நெடுநாள் கனவாக இருந்தது. அதற்கு உந்துதல் தந்தது மேற்கூறிய பெரும்பஞ்சம். 1886-இல் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பென்னிகுவிக் தலைமையில் எழுந்த அணை 1895-இல் திறக்கப்பட்டது. பஞ்சத்தை 'விதி' என்று ஏற்றிருந்தால் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் ஏது? லோயர் கேம்ப்பில் 2013-இல் திறக்கப்பெற்ற மணிமண்டபமும், ஆண்டுதோறும் சனவரித் திங்களில் உழவர் அவர் பெயரால் வைக்கும் பொங்கலும் நன்றியின் அடையாளங்கள். முயற்சியைக் கைவிடுவது நிறைவன்று. முயற்சியின் பயனுக்குத் தன் அமைதியை அடகு வைக்காமையே நிறைவு.

முடிவுரை

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். ஒரு தேர்வின் தோல்வியோ, ஒரு வேலைக்கான விண்ணப்பம் தள்ளப்பட்டமையோ வாழ்வின் முறிவன்று, கவாத்தாகவும் இருக்கலாம். உள்ளம் தாங்கவொண்ணாத சோர்வில் மூழ்குமாயின், அதை நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி மறைக்க வேண்டா. ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள், மருத்துவரை நாடுங்கள். பவுல் அடியாரே உதவியை நன்றியோடு ஏற்றவர் அல்லரோ?

இறைவனைத் தந்தையென நம்புதல், அன்றன்றைய பங்கை நன்றியோடு பெறுதல், இழப்பிலும் இணைப்பை விடாதிருத்தல், பெற்றதைப் பிறரோடு பகிர்தல் ஆகிய இந்நான்குமே கிறித்தவ நெறி காட்டும் நிலைத்த மனநிறைவின் படிகள். இவற்றுள் முதற்படியை ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் நம்பிக்கையின் மொழியில் உரைப்பர்; எஞ்சிய மூன்றிலும் நாம் அனைவரும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கலாம். முஸ்லிம் பெருமக்கள் எழுப்பிய கல்விக்கூடத்தில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து தமிழ் பயில்வதும் அத்தகைய நடையே. பெரியாற்று நீர் எவர் வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. நிறைந்த மனமும் அவ்வாறே.