பெயர் உயர்ந்தது, வருமானம் உயர்ந்ததா?

1866-இல் நகராட்சியான திண்டுக்கல், 2014-இல் மாநகராட்சி ஆனது. ஆனால் மாநகராட்சி என்ற தகுதியில் மக்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரியில்தான். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தபின், ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலரே வரவு செலவைக் கவனித்தார். பட்ஜெட்டில் உபரியா பற்றாக்குறையா என்று பார்ப்பது மட்டும் போதாது. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் போக, குழாயையும் சாக்கடையையும் பராமரிக்கச் சொந்த வருமானத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே ஓர் ஊரின் நிதி நிலையைச் சொல்லும். அந்த மிச்சம் மெலிந்துகிடப்பதற்கு முதல் காரணம், வரியை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றிவந்த பழக்கம்.

சென்னை நீங்கலான நகரங்களில் சொத்துவரிப் பொதுச் சீராய்வு 2008-இல் நடந்தது. 2018-இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடியும் உயர்த்தினார்கள்: 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். 2008-இல் அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 சதவீதம் கூடியிருந்தால் 2022-இல் ஏறத்தாழ 900 ரூபாய் வந்திருக்கும். 25 சதவீத உயர்வில் வருவது 500 ரூபாய். டீசலும் சம்பளமும் அந்தப் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. தொழில் வரியின் கதை இன்னும் மோசம். அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு 1988-இல் வகுத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய், இன்றும் அதேதான்.

‘முதலில் குடிதண்ணீரை ஒழுங்காக விடு, பிறகு வரி கேள்’ என்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கையில் காசு குறையும்போது சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது, மின்கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது, தள்ளிப்போவது பழுதுபார்ப்புதான். ஊருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் இருந்தாலும், உடைந்த குழாய் அதை வீடுவரை கொண்டுவராது. கடன் வாங்கிச் சரிசெய்யலாம் என்றால், அதன் தவணையும் வட்டியும் நாளைய வரியிலிருந்தே போகும்.

‘மாநில அரசு கொடுக்கட்டும்’ என்பது அடுத்த வாதம். கொடுக்கத்தான் வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பூவும் வெங்காயமும் வந்திறங்கும் ஊர் இது. அந்த வண்டிகள் தேய்க்கும் சாலைக்கு உள்ளூர்க்காரர் மட்டும் செலவழிப்பது முறையல்ல. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதில் நகரங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை உயர்த்தக் கேட்கலாம். ஆனால் பிறர் தரும் பணத்தை மட்டும் நம்பிய மன்றம், எதைச் செய்வது என்பதையும் பிறரிடமே கேட்டு நிற்கும். ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய மாநகராட்சிகளின் வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீதம்; பிரேசில் நகரங்களுக்கு 7, தென்னாப்பிரிக்காவில் 6. நிலக்கோட்டை போன்ற பேரூராட்சிகளின் கைகள் இதைவிட இறுகக் கட்டப்பட்டவை.

ஆகவே வரியை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்துவதே ஏழைக்கும் நல்லது, கடைக்காரருக்கும் நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை: வரி விதிக்காமல் விட்ட கட்டடங்களையும் பெரிய பாக்கிக்காரர்களையும் முதலில் பிடிக்க வேண்டும். வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தெருவிளக்கோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வார்டில் எத்தனை கட்டடங்களுக்கு வரி, கேட்பு (கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.