நின்ற இருதயமும் மூளையின் படமும்

நின்றுபோன இருதயத்தை மீண்டும் துடிக்கச் செய்ய இயலும் என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. மார்பை வெளியிலிருந்தே அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கலாம் என்று அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ அறிஞர்கள் 1960ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினர். தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 ஊர்தி எங்கள் கடத்தூருக்கும் வருகிறது. ஆயின், இருதயம் மீண்ட பின்னும் நோயாளி கண் விழியாமல் கிடக்கும்போது, "இவர் எழுந்து பேசுவாரா, ஐயா?" என்று வீட்டார் கேட்கிறார்களே, அக்கேள்விக்கு விடை கூறுவதுதான் கடினம். அவ்விடையை மூளையின் படம் எவ்வளவு தரும் என்று இன்று பார்ப்போம்.

மாணவச் செல்வங்களே, உடலின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். உடல் கொள்ளும் பிராணவாயுவிலோ ஏறத்தாழ 20 பங்கு அதற்கே வேண்டும். சேமிப்பும் இல்லாத வீடு அது. இருதயம் நின்ற சில விநாடிகளில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில், உயிரணுக்களிலிருந்து சோடியத்தை ஓயாது வெளியேற்றும் வேலை நின்றுவிடுகிறது. சோடியம் உள்ளே தங்க, அதைத் தொடர்ந்து நீரும் புகுகிறது, மூளை வீங்குகிறது.

இவ்வீக்கத்தையே படம் காட்டுகிறது. 1971 அக்டோபர் 1ஆம் நாள், லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியல் அறிஞரின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. நாம் சி.டி. ஸ்கேன் என்பது அதுவே. எக்ஸ் கதிர்களை ஒவ்வொரு திசுவும் எவ்வளவு தடுக்கிறது என்பதை அது எண்ணாக்கித் தரும். நீருக்கு 0 என்று கணக்கு. மூளையின் சாம்பல் நிறப் பகுதிக்கு எண் சற்று மிகுதி. வெண்ணிறப் பகுதிக்குக் குறைவு. முன்னதைப் பின்னதால் வகுத்தால், நலமுள்ள மூளையில் ஏறக்குறைய 1.3 வரும். நீர் கோத்துச் சாம்பல் பகுதி அடர்த்தி இழக்கும்போது, இரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை மங்கி, அவ்வீவு 1ஐ நெருங்குகிறது. எந்த எண்ணுக்குக் கீழே நம்பிக்கையில்லை என்பதில் மட்டும் உலகில் ஒரே முடிவு ஏற்படவில்லை. கருவியும் அளக்கும் இடமும் மாற, எண்ணும் மாறுகிறது.

காலம் இங்கே பெரிது. எங்கள் ஊர் வெற்றிலை வியாபாரத்தில் பழகியவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். கொடியிலிருந்து கிள்ளிய இலை அன்று காலை பசுமையாகவே இருக்கும். வாட்டம் மறுநாள்தான் வெளிப்படும். முதற் சில மணி நேரத்தில் எடுத்த சி.டி. படமும் அத்தகையதே. அப்போதே எல்லை முற்றும் மங்கியிருந்தால் பாதிப்பு கடுமையானது என்று கொள்ளலாம். படம் செம்மையாக இருப்பதனால் மூளை தப்பியது என்று சொல்லிவிட முடியாது. இருதயம் நின்றதற்கு மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு காரணமா என்று அறியவும் முதல் நாட்படம் உதவும். ஒரு நாள் கழிந்த படம் இன்னும் தெளிவாகப் பேசும். காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்திற்கு 2 முதல் 7 நாள் வரை ஏற்ற காலம்.

இதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்து என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. ஒரு மாணவன் தேற மாட்டான் என்று முடிவு செய்து, அவனைத் தேர்வுக்கே அனுப்பாமல் நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, நான் சொன்னபடியே ஆயிற்று" என்று கூறும் ஆசிரியரை நான் கண்டதுண்டு. படத்தைக் கண்டு நம்பிக்கையில்லை என்று கருதி மூச்சுக் கருவியை நீக்கினால், நோயாளி இறப்பார். படம் சொன்னது மெய்யென்றே ஏட்டில் பதிவாகும். அவ்வேட்டைக் கொண்டு அடுத்த நோயாளிக்கும் தீர்ப்பு எழுதப்படும்.

ஆகையால், ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, படம் ஒன்றை மட்டும் நம்பலாகாது என்றது. குறைந்தது 72 மணி நேரம் பொறுத்து, மயக்க மருந்தின் பிடி நீங்கியதா என்று பார்த்து, கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின்னலைகள் எப்படி, சிதைந்த நரம்பணுக்களிலிருந்து இரத்தத்தில் கசியும் புரதம் எவ்வளவு என்றெல்லாம் ஆராய வேண்டும். இரண்டு அடையாளங்களேனும் ஒத்துச் சொன்னாலன்றி, மீளமாட்டார் என்று உரைப்பதற்கில்லை.

நம் நாட்டில் இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. மீளாத நிலையிலுள்ளவருக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு மருத்துவக் குழுக்கள் இசைய வேண்டும். 2023 ஜனவரியில் அம்முறை எளிதாக்கப்பட்டது. ஒருபுறம், நிலத்தை அடகு வைத்துச் செலவு செய்யும் குடும்பம். மறுபுறம், ஒருவேளை விழிக்கக்கூடிய மனிதர். முதல் நாளில் டாக்டர் "இன்னும் சொல்ல இயலாது" என்றால், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கோபிப்பது பொருந்தாது. அந்த நாளுக்குரிய உண்மை அவ்வளவே. அடையாளங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராதவர்களை மேலும் சில நாள் வைத்துப் பார்ப்பர். ஒரு வாரத்திற்குப் பின் கண் விழித்தவர்களும் அவர்களுள் உண்டு.