பழைய குடிசன மதிப்பேடுகளும் பெயரட்டவணைத் தொண்டும்

ஐக்கிய அமெரிக்காவிலே பத்தாண்டுக்கொருமுறை குடிசன மதிப்பு எடுக்கப்படுகின்றது. வீடுதோறுஞ் சென்று எழுதப்பட்ட பெயர்ப் பதிவுகளை 72 ஆண்டுகள் கழியும்வரை பொதுமக்கள் பார்த்தல் இயலாது. அவ்விதிப்படி 1940 ஆம் ஆண்டின் ஏடுகளை அந்நாட்டுத் தேசிய சுவடிகள் காப்பகம் 2012 ஏப்ரல் 2 ஆந் திகதி இணையத்திலே வெளியிட்டது. பக்கப் படங்கள் 38 இலட்சம். அவற்றுள் அடங்கிய மக்கள் 13 கோடிக்கு மேற்பட்டோர்.

ஏடுகள் வெளிவந்தனவேயன்றிப் பெயரைக் கொண்டு தேடுதற்கு வழியிருக்கவில்லை. அவை கணக்கெடுப்பு வட்டாரங்களின் ஒழுங்கிலே அடுக்கப்பட்டிருந்தன. தம் பாட்டனார் எந்த ஊரில், எந்தத் தெருவில் வாழ்ந்தாரென அறிந்தவரே அவரைக் கண்டெடுக்கலாம். அதனை அறியாது தேடுவோரே பெரும்பாலார். இக்குறையை நீக்கியவர்கள் கூலி பெறாத தொண்டர்கள். ஏறக்குறைய 1,60,000 பேர் தத்தம் வீட்டிலிருந்தவாறே கணினித் திரையிற் படத்தைப் பார்த்துப் பெயர், வயது, பிறந்த இடம் முதலியவற்றைத் தட்டெழுதினர். அவ்வாண்டு ஓகஸ்து மாதத்திலே முழு நாட்டுக்கும் பெயரட்டவணை நிறைவெய்தியது.

வேலை நடந்த முறை அறியத்தக்கது. ஒரே பக்கத்தை இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமல், தனித்தனியே பெயர்த்தெழுதினர். இருவரும் வேறுபட்டவிடத்து அனுபவமிக்க மூன்றாமவர் மூலத்தை நோக்கித் தீர்ப்புக் கூறினார். கணக்கெடுப்போர் குடும்பத் தலைவரின் குலப்பெயரை ஒருமுறை எழுதி, அடுத்தோர்க்கு வெறுங் கோடிட்டுச் செல்வது வழக்கம். தொண்டர் அக்கோட்டை அப்படியே விட்டால் மனைவியும் மக்களும் குலப்பெயரின்றி நிற்பர். ஆதலின் அதனைத் திருப்பி எழுதுதல் வேண்டும். ஒரு வயது நிரம்பாக் குழந்தையின் வயதோ பன்னிரண்டின் பின்னமாக எழுதப்பட்டிருக்கும். 3/12 என்பது மூன்று மாதம்; மூன்று வயதன்று.

தலையாய விதி, ஏட்டில் உள்ளதையே எழுதுக என்பது. எழுத்துப் பிழையெனத் தோன்றினும் திருத்தலாகாது. ஏட்டுச் சுவடிகளிற் பழகிய நம்மவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். புள்ளியில்லா மெய்யும், காலுடன் மயங்கும் ரகரமும், குறில் நெடில் தெரியாத எகர ஒகரங்களும் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரை எவ்வளவு வருத்தின! ஆயினும் அவர்களுக்கு யாப்புத் துணையிருந்தது. தளை தட்டினால் பாடம் பிழையென அறியலாம். மக்கட் பெயருக்கு யாப்பில்லை. ஆங்கிலக் கூட்டெழுத்திலே முதலெழுத்தாக வரும் எல்லும் எஸ்ஸும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் அம்மனிதர் அகரவரிசையில் வேறிடஞ் சென்று மறைவார். அவரைத் தேடும் பேரப்பிள்ளை, பதிவே இல்லையென்று திரும்பிவிடுவார்.

1950 ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரல் 1 ஆந் திகதி வெளிவந்தபோது, கையெழுத்தை வாசிக்கும் பொறி ஆக்கிய பெயரட்டவணையும் உடன் வந்தது. பொறியின் வேகம் வியக்கத்தக்கது. ஆயினும் அதன் வாசிப்பைப் பொதுமக்கள் திருத்துதற்கு இடம் வைத்தே வெளியிட்டனர். தொண்டு ஒழிந்துவிடவில்லை, பெயர்த்தெழுதுதல் பெரும்பாலும் சரிபார்த்தலாக மாறிற்று. ஒருவகையில் இது கடினமானது. அழகாக அச்சிட்டாற்போல் முன்னிற்கும் பிழையை ஐயுறுதற்குத் தனிக் கண் வேண்டும்.

இத்தொண்டிற் சேர அந்நாட்டுக் குடியுரிமை வேண்டுவதில்லை; கட்டணமுமில்லை. குடிசன மதிப்பேடுகளே அன்றி, வேறு பழைய கையெழுத்துச் சுவடிகளையும் பெயர்த்தெழுத அக்காப்பகம் தொண்டர்களை அழைத்து வருகின்றது. கூட்டெழுத்தை வாசிக்க வல்லோர் இளந்தலைமுறையில் அருகிவிட்டமையால் அவர்களுக்கு அங்கே தனி வரவேற்புண்டு. நான்கு கோட்டுக் கொப்பியிலே பிரம்புக்கு அஞ்சி ஆங்கிலக் கூட்டெழுத்துப் பழகிய நம் பழைய மாணவர்கள் இதனைக் கவனிப்பாராக. மாணாக்கர் ஒருவர் அருகிருந்து தட்டெழுத, மூத்தவர் வாசித்துச் சொல்லலாம். அரைமணி நேரத்துக்கு ஒரு பக்கம் போதும். 1960 ஆம் ஆண்டின் ஏடுகள் அவ்விதிப்படி 2032 ஏப்ரலிலே திறக்கப்பட வேண்டியன.